மலைவீட்டில் தாட்பூட்: முதலில் கூண்டு, பிறகு கன்று

நீலகிரிக்கோ கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கோ புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மழையிலேயே ஒரு தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கன்றை வாங்கி வேலியோரம் நட்டுவிடுவது வழக்கம். கொடி வளர்ப்பது இங்கே எளிது. ஓராண்டுக்குள் வேலியை மூடி, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் குலுங்கும். காய் நிறம் மாறத் தொடங்கும் வாரத்தில் குரங்குக் கூட்டம் வரும். கால்வாசியைத் தின்னும், முக்கால்வாசியைக் கடித்துத் துப்பும், போகிற போக்கில் கொடியையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் போகும். மிச்சம் மீதி இரவில் உதிர்ந்தால் அதற்கு மரநாயும் எலியும் காத்திருக்கும்.

மா, பேரி, பிளம்ஸ் போன்ற மரங்களைக் கூண்டு போட்டு முழுவதும் மூடிக் காப்பாற்ற முடியாது. கொடிக்கு அந்த வசதி உண்டு. அது எங்கே ஏற வேண்டும், எவ்வளவு உயரம் போக வேண்டும், எந்த வடிவில் படர வேண்டும் என்பதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. அதனால் எவ்வளவு இடத்தைக் காவல் காக்க முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அந்த இடத்துக்குள் கொடியை அடக்குங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு கொடி போதும். நல்ல பராமரிப்பில் ஒரு கொடி ஆண்டுக்கு 7 முதல் 10 கிலோ வரை கொடுக்கும். பத்துக் கொடி நட்டால் அது காட்டுக்குப் போடும் படையல்தான்.

எந்த ரகம்

1,200 முதல் 2,000 மீட்டர் வரை, அதாவது குன்னூர், கோத்தகிரி, பெருமாள்மலை உயரங்களில், ஊதா நிறப் பழம் தரும் ரகம்தான் சரி. தன் பூவின் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் என்பதால் ஒற்றைக் கொடி வைத்தாலும் காய்க்கும். மஞ்சள் ரகம் சூடு கேட்கும். நீலகிரிக் கூடலூர் போல 1,000 மீட்டரை ஒட்டிய இடங்களிலும், பழனி மலையின் கீழ்ச்சரிவிலும் வைக்கலாம். ஆனால் அதற்கு வேறொரு கொடியின் மகரந்தம் தேவை. ஒரே தாய்க்கொடியிலிருந்து எடுத்த குச்சிகளை எத்தனை நட்டாலும் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். குடகிலுள்ள செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இரண்டையும் கலந்து உருவாக்கிய 'காவேரி' என்ற கலப்பின ரகம் காய்ப்பில் கெட்டி. வேர் நூற்புழுவையும் தண்டு அழுகலையும் ஓரளவு தாங்கும். நடுத்தர உயரங்களில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் நகரம் போல 2,000 மீட்டருக்கு மேலே என்றால் உறைபனியைக் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி விழும் பள்ளத்தில் வைத்தால் நுனிகள் கருகிவிடும். தெற்கு பார்த்த சுவரை ஒட்டி வைத்தால் பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் கொடியைக் காக்கும்.

ஓர் எச்சரிக்கை. குட்டி வாழைப்பழம் போல நீளமாக மஞ்சள் காய் தொங்கும், இளஞ்சிவப்புப் பூ பூக்கும் இன்னொரு வகை இந்த மலைகளில் பல இடங்களில் தானாகவே முளைத்துக் கிடக்கும். பார்க்க அழகு, பழமும் சாப்பிடலாம். ஆனால் பறவையும் குரங்கும் விதையைச் சோலைக்குள் கொண்டுபோய்ப் போட, அங்கே மரங்களின் தலையை மூடிப் படர்ந்து கொல்கிறது. அதை வீட்டில் நடாதீர்கள்.

கன்றுக்கு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் விசாரியுங்கள். நீலகிரிப் பக்கம் பர்லியாறு, கல்லார் பண்ணைகள். பழனி மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம். போவதற்கு முன் இருப்பு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நல்ல கொடி அக்கம்பக்கத்தில் இருந்தால், பென்சில் தடிமனுள்ள முற்றிய தண்டில் 3 அல்லது 4 கணு உள்ள ஒரு அடிக் குச்சியை வெட்டி, மணலும் மண்ணும் மட்கும் கலந்த பையில் இரண்டு கணு புதைய ஊன்றினால் வேர்விடும். விதை என்றால் சாற்றோடு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி விதைக்க வேண்டும். காய்ந்த பழைய விதை சோம்பேறி, முளைக்க வெகுநாளாகும்.

இடம் பார்ப்பது

வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு முன் விலங்கு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். காலையில் நிலத்தைச் சுற்றி வந்தாலே தெரிந்துவிடும். பிளந்த குளம்புத் தடம், வறட்டி போன்ற பெரிய சாணம், உடம்பைத் தேய்த்து வழவழப்பான மரம் ஆகியவை காட்டுமாட்டின் வழியைக் காட்டும். அந்த வழியில் எதையும் கட்டாதீர்கள். ஆயிரம் கிலோ வரை எடை வரும் மாடு பந்தல் காலில் முதுகைச் சொறிந்தால் பந்தல் நிற்காது. அதைவிட முக்கியம், போகும் வழியை அடைத்தால் அது உங்கள் வாசல் வழியாகப் போகும். காட்டுமாட்டை வேலி போட்டுத் தடுப்பதைவிட ஒதுங்கி வழிவிடுவதே மலிவு.

குரங்கு வருவது மேலே இருந்து. சில்வர் ஓக், யூகலிப்டஸ் கிளை, மின்கம்பி, கூரை விளிம்பு எல்லாம் அதற்குப் படிக்கட்டு. சில்வர் ஓக் கிளைகளைக் கழித்துவிடலாம், கூரையைக் கழிக்க முடியாது. எனவே கூண்டுக்கு மேல்மூடி கட்டாயம். மேலே திறந்த கூண்டு குரங்குக்குச் சாப்பாட்டுத் தட்டு.

இதையெல்லாம் பார்த்தால் சரியான இடம் ஒன்றே ஒன்றாகத்தான் தேறும். வீட்டின் கிழக்கு அல்லது தெற்குச் சுவரை ஒட்டி, சமையலறை சன்னலிலிருந்து கண்ணில் படும் இடம். ஆள் நடமாட்டமும் நாயும் இருக்கும் பக்கம். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் போதும். சுவரிலிருந்து 2 அடி தள்ளி நட்டால் கூரைத் தண்ணீர் வேரில் கொட்டாது, அஸ்திவாரத்துக்கும் தொல்லை இல்லை.

கூண்டு

இரண்டு கொடிக்கு 10 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரம் போதும். ஒரு நீளப் பக்கம் வீட்டுச் சுவர் என்பதால் மூன்று பக்கமும் மேற்புறமும்தான் அடைக்க வேண்டும்.

முன்பக்கத்துக்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 9 அடியில் மூன்று, இரண்டு மூலைக்கும் நடுவுக்கும். 2 அடி புதைத்து ஜல்லிக் கலவை போடுங்கள். மூங்கிலோ சவுக்கோ வைத்தால் மழையும் மூடுபனியும் சேர்ந்து மண் மட்டத்தில் இரண்டு மூன்று ஆண்டில் இற்றுவிடும். கொடி நன்றாகக் காய்க்கும் ஆண்டில் பந்தல் சாயும். சுவர்ப் பக்கம் ஒரு இரும்பு ஆங்கிளை போல்ட் போட்டு முடுக்கி, மேலே குழாய்களைக் குறுக்காக இணைக்கவும்.

வலைக்கு 1 அங்குலக் கண், 14 கேஜ் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை). 4 அடி அகலச் சுருளில் மூன்று பக்கத்துக்கு 22 அடி நீளம் இரண்டு வரிசை, மேல்மூடிக்கு 6 அடித் துண்டுகள் மூன்று, எல்லாம் சேர்ந்து 62 அடி. கதவுக்குத் தனியாக எதுவும் வேண்டாம், அந்த வலையிலேயே வெட்டிச் சட்டம் அடித்துக்கொள்ளலாம். ஆனாலும் 65 அடியாகவே வாங்குங்கள். இரண்டு வரிசையும் சேர்ந்து 8 அடி உயரம் வரும். இரண்டு மூன்று அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டியது போக மீதி முக்கால் அடியை மண்ணுக்குள் வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்கவும். முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் வேலியை ஒட்டித்தான் தோண்டும். தோண்டும் இடத்தில் மூக்கில் வலை இடித்தால் விட்டுவிடும்.

கடையில் கோழிவலையைக் காட்டி இதுவே போதும் என்பார்கள், விலையும் குறைவுதான். குரங்கு அதன் முறுக்கைப் பிரித்துக் கையாலேயே கிழித்துவிடும், மூடுபனியில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். பச்சை நைலான் வலை அதைவிட மோசம். தொளதொளவென்று தொங்கும் நைலானில் பழந்தின்னி வௌவாலும் சின்னான் குருவியும் பாம்பும் மாட்டிக்கொண்டு சாகும். வலை எதுவானாலும் தட்டினால் டங்கென்று அதிரும் அளவுக்கு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

இனி உள்ளே ஒரு விஷயம். புதிதாகக் கட்டுபவர்கள் கொடியை வலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். 1 அங்குலக் கண்ணில் வளர்ந்த குரங்கின் கை நுழையாது. குட்டியின் கை நுழையும், வலையோடு ஒட்டிய காயை வெளியிலிருந்தே பிய்த்துவிடும். கவாத்து செய்யும்போதும் (கிளைகளை வெட்டிச் சீராக்கும்போதும்) வலைக்கண்ணுக்குள் பின்னிய பற்றுச்சுருளை ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் வலைக்கு உள்ளே எல்லாப் பக்கமும் ஒரு அடி விட்டு, 6 அடி உயரத்தில் 3 மி.மீ. ஜி.ஐ. கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இழுத்துத் தனிப் பந்தல் போடுங்கள். கொடி அதில்தான் படர வேண்டும். வலையை நோக்கி நீளும் நுனியை வாரம் ஒருமுறை கிள்ளி உள்ளே திருப்பிவிட வேண்டும்.

கதவுக்குக் கொக்கி போதாது, குரங்கு திறந்துவிடும். தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு பூட்டை மாட்டுங்கள்.

மின்வேலி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது குற்றம். யானையும் மனிதரும் அதில் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் பதிவு விதிகள் உண்டு, வனத்துறையைக் கேட்காமல் போடக்கூடாது. கண்ணி, விஷம், நாட்டு வெடி எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைக்குக் கொண்டுபோகும். இரண்டு தாட்பூட் கொடிக்கு இதெல்லாம் தேவையும் இல்லை.

நடவு

கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கனமாகப் பெய்யும், ஜூன் தொடக்கத்தில் நடலாம். குன்னூர், கோத்தகிரி, பழனி மலையில் பெரிய மழை அக்டோபருக்கு மேல்தான். அங்கே ஜூன், ஜூலைச் சாரலில் நட்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும். அடைமழையில் நட்ட கன்று அழுகும்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதே ஆழத்தில் குழி. தோண்டிய மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு, கால் கிலோ டோலமைட் சுண்ணாம்புத்தூள் கலந்து நிரப்பிப் பதினைந்து நாள் விடுங்கள். இந்த மலைமண்ணில் புளிப்பு (அமிலத்தன்மை) அதிகம். தேயிலைக்கு அது பிடிக்கும், தாட்பூட்டுக்குப் பிடிக்காது. பழைய தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து வாங்கிய மனை என்றால் டோலமைட்டைத் தவிர்க்கவே கூடாது.

நடும்போது சுற்றுமண்ணைவிட அரை அடி மேடாக மண் அணைத்து அதன் உச்சியில் நடுங்கள். கொடி வாடிச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்டின் அடியில் தண்ணீர் நின்று அழுகுவதுதான். நேற்று வரை பச்சையாக இருந்த கொடி இன்று மொத்தமாகத் தொங்கினால், மண் மட்டத்தில் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் அது தேறாது. வேரோடு எடுத்துவிட்டு அதே குழியில் மறுபடி நடாமல் 4 அடி தள்ளி நடுங்கள். இரண்டு கொடிக்கும் இடையே 6 அடி இருக்கட்டும்.

ஒரு ஊன்றுகோல் வைத்து ஒற்றைத் தண்டாக மேலே ஏற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் மூன்று நான்கு கிளைகள் பிரியும், அவற்றைக் கம்பிக்கு ஒன்றாக ஓட்டிவிடுங்கள். காய்ப்பது புதுத் தளிரில் மட்டும். இதை மனதில் வைத்தால் கவாத்தின் தேவை தானே விளங்கும்.

உரம் சிக்கனமாக. 17:17:17 காம்ப்ளெக்ஸ் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள கலப்பு உரம்) கொடிக்கு 75 கிராம் வீதம் ஆண்டுக்கு நான்கு தடவை, மழைக்கு முன்னும் பின்னுமாக, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தூவி மேலே மட்கு போடலாம். இயற்கை வழி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 கிலோ மண்புழு உரமும் இரண்டு கை அடுப்புச் சாம்பலும். கோழி எருவை அள்ளிப் போட்டால் இலை மட்டும் கும்மென்று வரும், பூ வராது. தீனி வேர் மேல்மண்ணிலேயே ஓடுவதால் கொத்தக் கூடாது. களையைக் கையால் பிடுங்கி, சில்வர் ஓக் சருகை மூடாக்காகப் போடுங்கள். தண்டைச் சுற்றி அரை அடி வெறுமையாக இருக்கட்டும்.

பூவும் வண்டும்

கூண்டு போட்ட பிறகு எழும் புகார், பூக்கிறது காய் பிடிக்கவில்லை என்பது. இந்தப் பூவுக்கு ஏற்ற ஆள் கருப்பாகப் பெரிதாக ரீங்காரமிட்டு வரும் தச்சு வண்டு. உட்கார்ந்தால் அதன் முதுகில் மகரந்தம் அப்பி அடுத்த பூவின் சூல்முடியில் தேயும். அது 1 அங்குலக் கண்ணில் நுழையத் தயங்கும். தேனீ நுழையும், ஆனால் உடல் சிறிது. மகரந்தத்தை எடுத்துக்கொண்டு சூல்முடியைத் தொடாமலேயே போய்விடும்.

அதனால் கையால் தொட்டுவிடுவதே நிச்சயம். ஊதா ரகம் விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடும், மஞ்சள் ரகம் நண்பகலில் விரியும். விரிந்த பூவை உற்றுப் பாருங்கள். நடுத்தண்டின் மேல் கீழ்நோக்கித் தொங்கும் மகரந்தப் பைகள் ஐந்து, அதற்கும் மேலே ஆணித்தலை போன்ற சூல்முடிகள் மூன்று. விரிந்தவுடன் சூல்முடிகள் நிமிர்ந்து நிற்கும். சிறிது நேரத்தில் வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கும். இறங்கிய பிறகுதான் வேலை. சின்ன ஓவியத் தூரிகையால் மகரந்தத்தை (மஞ்சள் ரகம் என்றால் வேறொரு கொடியின் மகரந்தத்தை) எடுத்து மூன்று முடியிலும் தடவுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் விதையும் சாறும் குறைந்த கோணல் காய் வரும். மழை நனைத்த மகரந்தம் வெடித்து வீணாகிவிடும். எனவே தொடர்மழை நாளில் பிடிக்காத பூவுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

காய் பிடித்ததிலிருந்து பழுக்க 60 முதல் 90 நாள், குளிர் கூடினால் இன்னும் தள்ளும். முழு அளவுக்கு மூன்றே வாரத்தில் வந்துவிடும், மீதிக் காலம் முழுவதும் உள்ளே சாறு ஊறத்தான்.

பை கட்டுதல்

வலை தடுக்காதவை மூன்று: பழ ஈ, எலி, சின்ன அணில். பழ ஈ பிஞ்சிலேயே குத்திவிடும். குத்திய இடம் கட்டிபோல் தடித்து, காய் கோணிச் சுருங்கும். பிடித்த ஒரு வாரத்துக்குள் பழைய கொசுவலைத் துணியில் ஒரு சாண் பை தைத்து மாட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பையின் வாயைக் காய்க்காம்பில் கட்டாமல், காம்பு கிளம்பும் கொடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். பழம் பழுத்துத் தானே உதிரும்போது தரையில் விழாமல் பைக்குள்ளேயே கிடக்கும்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பாதிக் காவல் இதில்தான் இருக்கிறது. இரவில் உதிர்ந்து கிடக்கும் பழத்தின் வாசம்தான் மரநாயையும் எலியையும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியையும் வீட்டருகே கூட்டிவருவது. கரடி வந்துவிட்டால் வெல்டு மெஷ் ஒரு தடையே இல்லை. பை கட்டாத பழங்களை மாலை இருட்டுவதற்குள் பொறுக்கிவிடுங்கள். மட்குக் குழிக்கு மூடி போடுங்கள், பழத்தோலைத் திறந்த குழியில் கொட்டாதீர்கள். எலிக்குக் கூண்டுப்பொறி வையுங்கள். எலி மருந்து வைத்தால் செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் போகும்.

குரங்குக் கூட்டம் ஊருக்குள் தங்கிவிட்ட காலத்தில் இன்னொரு வழியும் உண்டு. பாதி நிறம் மாறிய காயைப் பறித்து வீட்டுக்குள் கூடையில் வைத்தால் பழுத்துவிடும். தானாக உதிர்ந்ததன் இனிப்பு வராது, ஜூஸுக்குப் போதும். முழுப் பச்சையாகப் பறித்தது பழுக்காது. பச்சைக் காயையும் இலையையும் தின்னவும் கூடாது, சயனைடு தரும் பொருள் அவற்றில் உண்டு. பொம்மைப் புலி, ரப்பர் பாம்பு, பட்டாசு எல்லாம் ஒரு வாரக் கூத்து. அதற்குமேல் குரங்கு புலிப்பொம்மையின் தலையில் உட்கார்ந்து பேன் பார்க்கும்.

உதிர்ந்த பழத்தை உடனே வெட்ட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தோல் சுருங்கும்போது புளிப்பு தணிந்து இனிப்பு ஏறும்.

கவாத்தும் மருந்தும்

இந்த மலைகளில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு காய்ப்பு, மார்ச் முதல் மே வரை இன்னொன்று. ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் காய்த்த பக்கக் கிளைகளை நான்கைந்து கணு விட்டு வெட்டிவிடுங்கள். உறைபனி விழும் இடங்களில் குளிர்காலக் கவாத்தைப் பிப்ரவரி கடைசி வரை தள்ளிப்போடுங்கள். முன்னதாக வெட்டினால் வரும் தளிர் கருகும். கவாத்து செய்யாவிட்டால் பந்தலின் அடியில் காய்ந்த கொடி மெத்தைபோல் சேரும். அதில் எலி கூடு கட்டும், காற்று புகாமல் இலையில் பழுப்புப் புள்ளி நோய் பரவும்.

புள்ளி நோய்க்கு மழைக்கு முன் ஒரு சதவீதப் போர்டோ கலவை. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது. ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள். பூத்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வண்டும் தேனீயும் அதில் போய்விடும்.

இலை சுருங்கி மஞ்சள் திட்டு விழுந்து, காய் சிறுத்துக் கல்போல் தடித்தால் அது வைரஸ். மருந்து கிடையாது. அந்தக் கொடியை எடுத்து எரித்துவிட்டு, அதை வெட்டிய கத்தரியைச் சோப்புநீரில் கழுவிய பிறகே அடுத்த கொடியைத் தொடுங்கள். அஸ்வினிப் பூச்சி வழியாகவும் இது பரவுவதால் பக்கத்தில் பூசணி, அவரைக் கொடிகளை நெருக்கி வைக்காமல் இருப்பது நல்லது.

நோயே வராவிட்டாலும் நான்கைந்து ஆண்டில் காய்ப்பு குறைந்துவிடும். மூன்றாம் ஆண்டுக் கவாத்தில் வெட்டும் நல்ல குச்சிகளில் நான்கைப் பையில் ஊன்றி வையுங்கள். கூண்டு அதேதான். பழைய கொடியை எடுத்து, குழியை 3 அடி தள்ளிப் போட்டால் போதும்.